கோளாறு சக்கில் இல்லை

பெங்களூரு பீன்யாவில் மாமாவின் பட்டறை லேத்துக்கு (கடைசல் இயந்திரம்) எஸ்.பி. ரோட்டில் 200 மி.மீ. மூன்று தாடை சக், அதாவது கடைய வேண்டிய துண்டைக் கவ்விச் சுழற்றும் பிடி, வாங்கி மாட்டினேன். ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்துப் பார்த்தால், சுற்றும்போது 0.25 மி.மீ. அவுட். கடைக்காரரைத்தான் முதலில் திட்டினேன். அப்புறம் சக்கைக் கழற்றி, அதைத் தாங்கும் பேக் பிளேட் முகத்தில் டயலை வைத்தால் முள் அங்கேயே ஆடுகிறது. அதையும் கழற்றிப் பார்த்தேன், அது மாட்டும் ஸ்பிண்டில் (லேத்தின் சுழலும் தண்டு) மரையில் நகத்துணுக்கு அளவு இரும்புச் சுருள் ஒன்று கிரீஸோடு ஒட்டிக் கிடந்தது.

டீசல் விட்டுத் தேய்த்துத் துடைத்து, பேக் பிளேட்டை அதே ஸ்பிண்டிலில் இறுக்கி முகத்தை லேசாக ஃபேசிங் செய்து (சமமாகச் சீவி), சக்கின் பின்பள்ளத்தில் உட்காரும் படியையும் கையால் தள்ளினால் ஆட்டமில்லாமல் போகும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். மாட்டும்போது லேத்தின் பெட் (அடித்தளம்) மேல் பலகை போட்டுவிடுங்கள், சக் நழுவினால் விரலும் போகும், பெட்டும் போகும். போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கினேன்.

இப்போது 0.05. மூன்று தாடைக்கு இது போதும், மாமாவுக்குத்தான் போதவில்லை.