வெடித்த கேத்தலைக் கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள்

இலங்கையின் அட்டன் டவுனில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். வாங்கிய சாமான் பழுதாகிக் காயம்பட்டது என்று வருபவர்களிடம் முதலில் கேட்பேன்: "சாமான் எங்கே?" பெரும்பாலும் அது கடைக்குப் போயிருக்கும். கரண்ட் கேத்தல் அடி பிளந்து பிள்ளையின் காலில் கொதிநீர் கொட்டியிருக்கும். கடைக்காரர் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்திருப்பார். நல்ல மனுசன் என்று இவர்களும் வந்துவிடுவார்கள். ஆனால் இருந்த ஒரே சாட்சி அந்த உடைந்த கேத்தல்தான்.

ஆகவே அதைக் கழுவாதீர்கள், பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். வயர், பெட்டி, வாரண்டி அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வையுங்கள். பிளந்த இடம், மாடல் இலக்கம், எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரை, இறக்குமதி செய்தவர் பெயர், இவற்றைப் போனில் படம் எடுங்கள். காம்பராவின், அதாவது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறையின், பிளக் பொயிண்டையும் சேர்த்து எடுங்கள். லயத்து வயரிங்கில்தான் கோளாறு என்று பழியைத் திருப்ப வாய்ப்புண்டு.

ஆஸ்பத்திரியில் "சுடுதண்ணி பட்டுச்சு" என்பதோடு நிறுத்தாமல், கேத்தல் பிளந்ததைச் சொல்லி எழுத வையுங்கள். நோயும் சிகிச்சையும் எழுதித் தரும் டயக்னோசிஸ் காட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலைக்குப் போகாத நாட்கள் தோட்டத்துச் செக்ரோலில் (வேலை நாள் பதிவில்) தெரியும். அந்தச் சம்பளமும் நட்டம்தான்.

அப்புறம் யாரைக் கேட்பது? 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்ற சாமான் தரமாக இல்லாவிட்டால் கடைக்காரரே பொறுப்பு. "எனக்குத் தெரியாது, கம்பெனி செய்தது" என்று அவர் தப்ப முடியாது. ஆனால் அந்த உரிமை வாங்கியவருக்குத்தான். காயம்பட்டது வேறொருவர் என்றால், செய்தவரோ விற்றவரோ கவனயீனமாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். அது கடினம், உடைந்த சாமானை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான். இப்படி நட்டஈடு கேட்கும் வழக்குக்கு 2 வருடமே காலம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு போடுவதென்றால் இன்னும் அவசரம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காயம்பட்ட நாளிலிருந்து அல்ல! தமிழிலேயே எழுதலாம். பில்லின் பிரதியைச் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மூலப் பில் உங்களிடமே இருக்கட்டும். விவரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். கடைக்காரர் பில் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர் கடமை.

சிறிய தொகை என்றால் நீதிமன்றத்துக்கு முன் இரு தரப்பையும் பேசி இணக்கத்துக்குக் கொண்டுவரும் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. பெரிய காயம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள்.

இடையில் கடைக்காரர் கொஞ்சம் காசு தந்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டினால், சிகிச்சை முடியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசித்துச் சொல்ல உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.