யின்–யாங்கைக் கிறிஸ்தவத்தோடு எங்கே வைத்து ஒப்பிடுவது?

பண்டைய சீனாவின் தாவோ (‘வழி’) சிந்தனையில் யின், யாங் என்ற எதிர்நிலைகள் ஒன்றுபடுவதைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட முனைபவர்களில் பலர் யாங்கைக் கடவுளுக்கும் யின்னைச் சாத்தானுக்கும் நேராக வைத்துவிடுகிறார்கள்; முதல் அடியே தவறிவிடுகிறது. யின் என்ற சொல் தொடக்கத்தில் மலையின் நிழல் பக்கத்தையும், யாங் வெயில் படும் பக்கத்தையும் குறித்தன. மலை ஒன்றே, பொழுது சாயச் சாய நிழலும் வெயிலும் இடம் மாறுகின்றன. நிழலைத் தீமை என்று சொல்ல இதில் இடமே இல்லை. எனவே நன்மை, தீமை என்ற இணையைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பண்டைய சீன ஞானி லாவோட்சுவின் பெயரால் வழங்கும் தாவோ தே ஜிங் 81 சிறு அதிகாரங்கள் கொண்டது; அவற்றுள் 2, 11, 40, 42 ஆகியவற்றை முதலில் படியுங்கள். அழகை அழகென்று எல்லோரும் அறிந்த கணத்திலேயே அழகின்மையும் பிறந்துவிடுகிறது என்றும், இருப்பும் இன்மையும் ஒன்றையொன்று பிறப்பிக்கின்றன என்றும் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பதினொன்றாம் அதிகாரம் இன்னும் நுட்பமானது: முப்பது ஆரங்கள் சக்கரத்தின் மையக் குடத்தில் கூடினாலும் சக்கரத்தைப் பயன்படச் செய்வது நடுவிலுள்ள வெற்றிடமே. திரும்பி வருதலே தாவோவின் இயக்கம் என்கிறது நாற்பதாம் அதிகாரம். ஒவ்வோர் இணையையும் குறித்துக்கொண்டு, ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கிறதா, ஒன்று மற்றொன்றாக மாறுகிறதா, ஒன்று அழிய வேண்டும் என்று நூல் கேட்கிறதா என்று வினவுங்கள். மூன்றாவது வினாவுக்கு மேற்சொன்ன பகுதிகளில் ‘ஆம்’ என்ற விடை கிடைக்காது.

அதே வினாக்களோடு விவிலியத்துக்கு வாருங்கள். ஆதியாகமத்தில் கடவுள் வெளிச்சத்தை நல்லது என்று கண்டு, அதை இருளிலிருந்து பிரிக்கிறார். ஏசாயா 45:7இலோ ஒளியைப் படைத்ததும் இருளை உண்டாக்கியதும் தாமே என்கிறார். இருளுக்கெனத் தனியொரு மூலத்தை இவ்வசனம் ஏற்கவில்லை. ஒளி, இருள் என்ற இரு நித்திய மூலங்களை நம்பிய பாரசீகப் போதகர் மானியின் சமயத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்த, பிற்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகஸ்டின், பின்னர் அதைக் கைவிட்டு, தீமை தனிப் பொருளன்று, நன்மையின் குறைவே என்று வாதிட்டார். இந்த இடத்தில் நீண்ட நேரம் நில்லுங்கள். யின் யாங்கின் குறைவன்று. அதற்குத் தனக்கென்று ஆற்றலும் பணியும் உண்டு. இரு மரபுகளும் உண்மையில் பிரியும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

நெருங்கும் இடங்களை வேறு திசையில் தேட வேண்டும். கிறிஸ்து என்னும் ஒரே ஆளில் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கலவாமலும் மாறாமலும் பிரியாமலும் பிளவுபடாமலும் இணைந்துள்ளன என்று 451ஆம் ஆண்டில் ஆயர்கள் கூடிய கல்செதோன் பொதுச்சங்கம் வரையறுத்தது. 1440இல் ஜெர்மானிய இறையியலாளர் கூசாவின் நிக்கோலாஸ் எதிர்நிலைகள் கடவுளில் ஒன்றுகூடுகின்றன என்று எழுதினார். யின்–யாங்குக்கு அருகில் வைக்கத் தக்கவை இவையே. ஆயினும் ‘மாறாமல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: யின் முதிர்ந்து யாங்காகும், கிறிஸ்துவின் மனிதத்தன்மை இறைத்தன்மையாக மாறுவதில்லை.

சொற்களின் ஒற்றுமையிலும் எச்சரிக்கை தேவை. நீரைவிட மென்மையானது இல்லை, வன்மையானதை அதுவே வெல்கிறது என்கிறது 78ஆம் அதிகாரம். “நான் பலவீனமாயிருக்கும்போதே பலமுள்ளவனாயிருக்கிறேன்” என்கிறார் பவுல். நீரின் வலிமை அதன் இயல்பிலேயே உள்ளது. பவுலின் வலிமையோ கிறிஸ்துவின் கிருபையால் வருவது.

இறுதியாக, யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “ஆதியிலே வார்த்தை இருந்தது” என்று நாம் படிக்கும் இடத்தில், 1919இல் வெளிவந்த சீன ஒன்றிப்பு மொழிபெயர்ப்பு ‘தாவோ’ என்ற சொல்லையே வைத்திருக்கிறது. இதைக் கண்டதும் இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சொல்லத்தக்க தாவோ நிலையான தாவோ அன்று என்று தொடங்கும் தாவோ தே ஜிங்கின் முதல் அதிகாரத்தையும், அந்த வார்த்தை மாம்சமாகி நம்மிடையே வாசம்பண்ணியதைச் சொல்லும் யோவான் 1:14ஐயும் ஒரே தாளில் அருகருகே எழுதி வைத்து, அங்கிருந்து உங்கள் ஒப்பீட்டை எழுதத் தொடங்குங்கள்.