ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு டிப்ஸ்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள

அமெரிக்கா வந்த முதல் வருடத்திலேயே நம்மவர்கள் எப்படியும் ஒரு டூர் போய்விடுவார்கள். நயாகரா, ஆர்லாண்டோ, லாஸ் வேகாஸ், இல்லையென்றால் ஒரு லாங் வீக்கெண்டில் நாலு குடும்பம் சேர்ந்து ஸ்மோக்கி மவுண்டன்ஸ். ரெஸ்டாரன்டில் பில்லுக்கு மேல் 18, 20 சதவீதம் வைக்க வேண்டும் என்பதை வந்த வாரமே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கும் வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் இரண்டு பயணங்களில் நான் எதுவுமே வைக்காமல் வந்தேன், அது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்ம ஊர் லாட்ஜில் இந்தக் குழப்பமே கிடையாது. காலி செய்யும்போது ரூம் பாய் வந்து பெட்டியைத் தூக்குவார், ஆட்டோ வரை வருவார், கொஞ்சம் தயங்கி நிற்பார், நமக்குப் புரிந்துவிடும். இங்கே யாரும் நிற்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். நாம் வெளியே சுற்றப் போயிருக்கும் நேரத்தில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்று நாள் தங்கிவிட்டு, அந்த அறையைப் பார்த்துக்கொண்டவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கிளம்பி வந்துவிடலாம். கண்ணில் படாததால்தான் மறந்துபோகிறது.

எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஹோட்டல் துறைச் சங்கமே சொல்லும் அளவு ஒரு இரவுக்கு 1 முதல் 5 டாலர் வரை. என் கணக்கு இது: சாலையோர மோட்டலில் ஒரு இரவு தூங்கிவிட்டுப் போனால் 2 அல்லது 3, சாதாரண ஹோட்டலில் இரண்டு பேர் தங்கினால் 3 முதல் 5, குழந்தைகளோடு ஐந்தாறு பேர் ஒரே அறையில் இருந்தால் 5-க்குக் குறையாமல். இதை ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள். 5 டாலர் என்றால் 400 ரூபாய்க்கு மேல், அதுவும் தினமுமா என்று மனம் கணக்குப் போடும். வந்த புதிதில் எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் அறைக்கு ஒரு இரவுக்கு 150 டாலர் கொடுக்கும்போது அந்தக் கணக்கைப் போடவில்லையே.

சம்பளம் வாங்கித்தானே வேலை செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். ரெஸ்டாரன்டில் பரிமாறுபவரின் நிலை வேறு: அவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் மட்டும் கொடுத்து, மீதியை டிப்ஸில் ஈடுகட்ட மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது, 1991-லிருந்து அந்தத் தொகை மாறவில்லை (பல மாநிலங்களில் இதைவிட அதிகம்). ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்குப் பொதுவாக முழு மணிக்கூலி உண்டு. அதனால் இது ரெஸ்டாரன்ட் டிப்ஸ் மாதிரி கட்டாயம் இல்லை, அமெரிக்கர்களிலேயே நிறையப் பேர் வைப்பதில்லை. ஆனால் அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு ஷிஃப்டில் 14, 15 அறைகள் என்று ஒதுக்குவது சாதாரணம். எட்டு மணி நேரத்தை 15-ஆல் வகுத்தால் ஒரு அறைக்கு 32 நிமிடம். அதற்குள் விரிப்பை உருவி, அந்தக் கனமான கிங் சைஸ் மெத்தையின் நாலு மூலையையும் தூக்கிப் புது விரிப்பைச் செருகி, குளியல் தொட்டிக்குள் குனிந்து தேய்த்து, கண்ணாடி துடைத்து, குப்பை எடுத்து, வேக்யூம் போட்டு, வண்டியை அடுத்த கதவுக்குத் தள்ள வேண்டும். முதுகு, தோள், மணிக்கட்டு என்று அடிபடுகிறவர்கள் இந்த வேலையில் அவ்வளவு பேர். அதற்காகவே கலிஃபோர்னியா 2018 ஜூலையில் ஹோட்டல் ஹவுஸ்கீப்பர்களுக்கென்று தனியாக ஒரு பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் நம்மைப் போலவே வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய.

2014-இல் மாரியட் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,60,000-க்கும் அதிகமான அறைகளில் டிப்ஸ் வைப்பதற்கென்றே உறைகளை வைத்தது. நீங்களே சம்பளத்தை உயர்த்திக் கொடுக்கலாமே என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விவாதம் முடிகிற வரைக்கும் நம் அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஒன்றும் வைக்காமல் வருவது அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. அதனால் நான் வைக்கிறேன்.

அடுத்து, எப்படி வைப்பது. இதில்தான் நான் தப்பு செய்தேன். மூன்றாவது பயணத்தில் யாரோ சொன்னார்களே என்று முதல் நாள் காலையிலேயே மேஜை மேல் 5 டாலர் நோட்டு ஒன்றை வைத்துவிட்டுக் கிளம்பினோம். சாயங்காலம் திரும்பி வந்தால் படுக்கை போட்டிருக்கிறது, துண்டு மாற்றியிருக்கிறது, நோட்டு அங்கேயே இருக்கிறது. பையன் இறைத்து வைத்திருந்த சில்லறைக் காசுகளை எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அந்த நோட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்குப் பிறகுதான் விளங்கியது. தங்கியிருப்பவர்களின் பணம் அறையில் கிடந்தால் அவர்கள் தொட மாட்டார்கள். தொட்டு, யாராவது புகார் செய்தால் வேலையே போய்விடும். அதனால் பணத்தோடு ஒரு சீட்டு கட்டாயம் வேண்டும். அறையில் இருக்கும் நோட்பேடில் 'ஹவுஸ்கீப்பிங், தேங்க் யூ' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, தலையணை மேலோ குளியலறைக் கண்ணாடி அருகிலோ வையுங்கள். பர்ஸ், சாவி, குழந்தையின் சாமான் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஸ்பானிஷ் பேசுபவர் என்று தெரிந்தால் 'கிராசியாஸ்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். அடுத்த நாள் நான் அப்படி எழுதி வைத்தேன், சாயங்காலம் வந்து பார்த்தபோது அதே சீட்டின் அடியில் 'தேங்க் யூ' என்று எழுதி, ஒரு சிரிப்பு முகமும் வரைந்து வைத்திருந்தார். குழந்தைகளுக்காக நாலு சோப்பும் கூடவே இருந்தது.

கடைசி நாளில் மொத்தமாக வைக்காமல் தினமும் வைக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இன்று சுத்தம் செய்பவரே நாளையும் வருவார் என்று நிச்சயமில்லை. ஷிஃப்ட் மாறும், விடுமுறை வரும், மாடி மாறும். நாலு நாள் வேலை ஒருவர் செய்திருப்பார், செக்-அவுட் அன்று வந்தவர் 20 டாலரை எடுத்துப்போவார். அவர் மேல் தப்பில்லை, ஆனால் உழைத்தவருக்குப் போய்ச் சேரவில்லை. தினமும் வைக்கச் சில்லறை வேண்டும், ஏடிஎம்மில் பெரும்பாலும் 20 டாலர் நோட்டுதான் வரும், அதனால் கிளம்புவதற்கு முன்பே வங்கியில் 1 டாலர், 5 டாலர் நோட்டுகளாக வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ரிசப்ஷனில் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். இப்போது சில ஹோட்டல்களில் க்யூஆர் கோட் அட்டை இருக்கிறது, அதில் அனுப்பலாம், ஆனாலும் ரொக்கம்தான் நேராகக் கைக்குப் போகும். செண்ட் காசுகளை அள்ளி வைக்காதீர்கள். ஆசைக்கு இந்திய ரூபாய் நோட்டு வைக்கிறவர்களும் உண்டு. அதை அவர்களால் இங்கே எங்கும் செலவழிக்க முடியாது.

ரிசார்ட் ஃபீ என்று பில்லில் ஒரு தொகை வரும். அது டிப்ஸ் இல்லை, ஹோட்டலுக்குப் போகிற பணம்.

கொரோனாவுக்குப் பிறகு பல ஹோட்டல்களில் தினசரி சுத்தம் தானாக நடப்பதில்லை, கேட்டால்தான் வருவார்கள். யாரும் வரவில்லையே, அப்போது வைக்க வேண்டாம்தானே என்று நினைக்கலாம். இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்வேன். நாலு நாள் குப்பையும் நாலு நாள் ஈரத்துண்டும் கடைசி நாளில் ஒரே ஆள் தலையில்தான் விழுகிறது, அவருக்கு ஒதுக்கிய நிமிடங்களோ பெரிதாகக் கூடுவதில்லை. சுத்தம் வேண்டாம் என்று சொன்னால் எங்கள் வேலை நேரம் குறைகிறது, பின்னால் வரும் வேலை இன்னும் கடினமாகிறது என்று அவர்களின் தொழிற்சங்கமான யுனைட் ஹியர் வெகு காலமாகவே சொல்லிவருகிறது. அதனால் இடையில் யாரையும் கூப்பிடாமல் இருந்தால், கிளம்பும்போது எல்லா இரவுக்கும் சேர்த்து வையுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய்த் தலையோடு படுத்தால் வெள்ளைத் தலையணை உறையில் வட்டமாகக் கறை ஏறும், மேலே வீட்டுத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளலாம். மஞ்சள் பட்ட கையை ஹோட்டல் துண்டில் துடைத்தால் அது போகவே போகாது. ஸ்டிக்கர் பொட்டைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு அப்படியே விட்டுவருவது நம் எல்லோருக்கும் பழக்கம். அதை அவர் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், கிளம்பும் முன் நாமே எடுத்துவிடலாம். குக்கரில் சோறு வடித்துப் புளிக்காய்ச்சல் கலந்து சாப்பிட்டிருந்தால் மிச்சத்தை வாஷ் பேசினில் கொட்டாமல் ஒரு கவரில் கட்டி வையுங்கள். கறை விழுந்துவிட்டால் அன்றைக்கு 5 டாலர் கூடவே வையுங்கள்.

வேலைக்கு வந்த புதிதில் கம்பெனியே இரண்டு வாரம் சமையலறை உள்ள ஹோட்டலில் தங்கவைப்பது உண்டு. அங்கே பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறைதான் சுத்தம் செய்வார்கள், வருகிற அன்று வைத்தால் போதும். பாத்திரத்தைச் சிங்க்கில் குவித்துவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். கம்பெனி தினப்படியில் டிப்ஸும் சேருமா என்று எச்ஆரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பயணப்படியிலேயே சில்லறைச் செலவுக்கு நாளுக்கு 5 டாலர் உண்டு, ஹோட்டல் ஊழியர்களுக்கான டிப்ஸ் அதற்குள்தான் வருகிறது.

பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு 1, 2 டாலர், கார் எடுத்துத் தரும் வேலட்டுக்கு 2 முதல் 5. கனடாவிலும் இதே பழக்கம்தான், நயாகராவில் அந்தப் பக்கம் தங்கினால் கனடா டாலராக வையுங்கள். ஜப்பானுக்குச் சுற்றுலா போனால் சாதாரண ஹோட்டலில் வைக்க வேண்டாம், அங்கே அந்த வழக்கம் இல்லை. மறந்து வைத்துவிட்ட பணம் என்று எடுத்து வைத்திருந்து திருப்பித் தர வருவார்கள்.

செக்-அவுட் அன்று காலையில் ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டது, குழந்தைக்கு ஒரு சாக்ஸைக் காணவில்லை என்று ஓடும் ஓட்டத்தில் இது நிச்சயம் மறந்துவிடும். அதனால் முந்தைய இரவே சீட்டு எழுதி, பணத்தை அதில் மடித்து, உங்கள் செருப்புக்குள் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.