ஓவர்க்ளாக் ஆசையில் பிராசஸர் வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மாமா பையன் போன் செய்தான். "அண்ணே, பெட்டியில கே-னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் மல்டிப்ளையர் ஏற மாட்டேங்குது?"

போய்ப் பார்த்தேன். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் பிராசஸரை ஓட்டுவதுதான் ஓவர்க்ளாக். அதற்கு அவன் ஏற்றப் பார்த்தது மல்டிப்ளையரை, அதாவது போர்டு தரும் துடிப்பை எத்தனை மடங்கு பெருக்கி சிப் ஓட வேண்டும் என்று சொல்லும் எண்ணை. பிராசஸர் இன்டெல் ஐ5-13600கே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை மாட்டியிருந்த மதர்போர்டுதான் பி760. பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் அந்த எண்ணைக் குறைக்கலாம், கூட்ட விடாது. பெயரின் கடைசியில் 'கே' இருந்தால் சிப்பில் பூட்டு இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். இன்டெலில் கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் அலகு) வேகத்தைக் கூட்ட இசட் வரிசை போர்டு வேண்டும்: இசட்690, இசட்790, இசட்890 இப்படி. சிப்பில் ஒரு சாவி, போர்டில் ஒரு சாவி. இரண்டும் இருந்தால்தான் கதவு திறக்கும். நேர்மாறாக, பூட்டிய சிப்பை வாங்கி இசட் போர்டுக்குக் காசு கொட்டியவர்களும் உண்டு.

குழப்பத்துக்கு ஒரு காரணம் இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி. அங்கே பி450, பி550, பி650 எல்லாவற்றிலும் ஓவர்க்ளாக் செய்யலாம். ஏ320, ஏ520, ஏ620 போர்டுகளில்தான் முடியாது. 'பி' என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு கம்பெனியில் இரண்டு அர்த்தம். ஏஎம்டியின் ரைசன் சிப்புகளில் பூட்டே இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தவறு. 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யில் கோர்கள் இருக்கும் சிப்பின் மேல் கூடுதல் கேஷ் (சிப்போடு ஒட்டிய வேகமான நினைவகம்) அடுக்கப்பட்டிருந்தது. அந்த அடுக்கு அதிக வோல்டேஜையும் சூட்டையும் தாங்காது என்பதால் பூட்டியே விற்றார்கள். 2024-ல் 9800எக்ஸ்3டி வந்தபோது அந்தக் கேஷைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள், பூட்டும் போயிற்று.

சரி, இந்த ஆசை எங்கிருந்து வந்தது? பழைய புராணங்களிலிருந்து. 1998-ல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை (போர்டு தரும் துடிப்பு) 4.5-ஆல் பெருக்கி 300-ல் ஓடியது. பஸ்ஸை 100 ஆக்கினால் 450. மலிவு சிப், அன்றைய விலை உயர்ந்த பென்டியத்தோடு தோள் உரசியது. 2011-ல் ஐ5-2500கே: பெட்டியில் போட்டிருந்தது 3.3 ஜிகாஹெர்ட்ஸ், தானாக ஏறும் டர்போவில் 3.7. சிப்பைக் குளிர்விக்கும் சுமாரான கூலரை வைத்தே 4.5-க்கு ஏற்றி வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் ஏராளம்.

அந்தக் கணக்கை இன்றைய சிப்புக்குப் போடுவதுதான் என் கண்ணில் ஆகப் பெரிய தவறு. அன்று கம்பெனிகள் இலையில் மிச்சம் வைத்தன. இன்று அவர்களே வழித்துவிட்டுத்தான் விற்கிறார்கள். ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே 6 ஜிகாஹெர்ட்ஸைத் தொடும், 253 வாட் வரை இழுக்கும். அதற்கு மேல் நமக்கென்று என்ன மீதி? போதாக்குறைக்கு, தேறிய சிப்புகளைப் பொறுக்கியெடுத்து 'கேஎஸ்' என்று தனி விலைக்கு விற்கிறார்கள். 'கே' வாங்குபவருக்கு வருவது அந்தச் சல்லடையில் தங்காமல் கீழே விழுந்தது.

"30 சதவீதம் ஏறும்" என்று யாராவது சொன்னால், எதிலிருந்து என்று கேளுங்கள். 2017-ல் ரைசன் 7 1700-இன் அடிப்படை வேகம் 3.0, 1800எக்ஸ் 3.6. முதலாவது 329 டாலர், இரண்டாவது 499. கையால் ஏற்றினால் இரண்டும் 4 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டியே முட்டி நின்றன. சதவீதத்தில் 1700 பெரிய வீரன். கூரை என்னவோ ஒன்றுதான். அங்கே மலிவானதை வாங்கியவர் புத்திசாலி. ஆனால் அவர் வாங்கியது அதிக வேகத்தை அல்ல, அதே வேகத்தைக் குறைந்த விலைக்கு. இன்றும் ரைசன் 7600, 7600எக்ஸ் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இதே கதைதான். அதுவும் 7600-க்குப் பெட்டிக்குள் கூலரும் வருகிறது.

வேகத்தை மட்டும் பார்த்துக் கோர்களை மறப்பது இன்னொன்று. 2014-ல் பென்டியம் ஜி3258 என்று பூட்டில்லாத இரட்டைக் கோர் சிப் வந்தது. நன்றாகவே ஏறும். ஆனால் நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) எதிர்பார்த்த கேம்கள் சிலவற்றில் எவ்வளவு ஏற்றியும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று.

உலக சாதனைகளையும் ஒதுக்கிவிடலாம். 2011-ல் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150 சிப்பை 8.429 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய் கின்னஸில் ஏற்றினார்கள். திரவ ஹீலியம் ஊற்றி, பெரும்பாலான கோர்களை அணைத்துவிட்டு. வீட்டில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலான கேம்களில் அதே வருஷத்து 2500கே-தான் முந்தியது.

அடுத்தது சூடு. சிப் இழுக்கும் பவர் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு இருமடி விகிதத்தில் ஏறும். 5.0-லிருந்து 5.2-க்குப் போக 1.25 வோல்ட்டை 1.35 ஆக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். வேகம் 4 சதவீதம் கூடும். பவர் ஏறக்குறைய 21 சதவீதம் கூடும். இதோடு அறைச் சூட்டையும் சேர்க்க வேண்டும். கூலரால் சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அதற்கு மேல் இத்தனை டிகிரி என்று பிடித்து வைக்கத்தான் முடியும். 22 டிகிரி அறையில் சோதித்தவர் 85 காட்டினார் என்றால், சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அதே கூலர், அதே அமைப்பு 99-ஐத் தொடும். என் பழைய கணினி ஒன்று மார்கழியில் 4.4-இல் ராத்திரி முழுக்கச் சோதனை தாங்கியது. சித்திரை வெயிலில், மத்தியானம் மூணு மணிக்கு, ஒரு எக்செல் ஃபைலைத் திறந்ததற்கே நீலத் திரை. ஏற்றுவதாக இருந்தால் வெயில் காலத்தில் சோதித்து எண்ணை முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் சேர்ந்து பில்லில் வந்து நிற்கும். கே சிப்புக்குக் கூடுதல் விலை, இசட் போர்டுக்குக் கூடுதல் விலை, பெரிய கூலர், அதற்கேற்ற பவர் சப்ளை. கூட்டிப் பாருங்கள். பல நேரம் அந்தக் காசுக்கு அடுத்த படியில் உள்ள சிப்பே வந்துவிடும், கூடுதல் கோர்களோடு.

பழைய சிப் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முன்பு வைத்திருந்தவர் எத்தனை வோல்ட் கொடுத்து ஓட்டினார் என்று சிப்பின் முகத்தில் எழுதியிருக்காது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறையில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. அதிக வோல்டேஜால் சிப்புகள் தேய்ந்து தடுமாறுவது தெரிந்து, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தம் விட்டார்கள். வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டித்தார்கள். திருத்தம் மேற்கொண்டு தேயாமல் தடுக்கும், தேய்ந்ததை மீட்காது. ஓவர்க்ளாக் செய்து சிப் கெட்டால் வாரன்டி பொதுவாகக் கை கொடுக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மாமா பையன் விஷயத்துக்கு வருகிறேன். போர்டை மாற்றிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வந்ததற்கு வேறு ஏதாவது பார்ப்போம் என்று பயாஸைத் துழாவியபோது ராம் வரியில் கண் நின்றது. 6000 என்று போட்ட டிடிஆர்5 ராம் வாங்கியிருக்கிறான். வாங்கிய நாளிலிருந்து அது 4800-இல் ஓடிக்கொண்டிருந்தது. பி760-இல் ராம் வேகத்தைக் கூட்டத் தடையில்லை. ராமை அதில் போட்ட வேகத்துக்கே ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்து சேமித்தேன். கணினி இரண்டு முறை அணைந்து எரிந்து மேலே வந்தது.

"இவ்வளவுதானா அண்ணே?" என்றான்.


"இதுவும் ஓவர்க்ளாக்தான்டா. டீ போடச் சொல்லு."