ஜென்டில்மேன் லுக் கேட்டு வருகிற தம்பிகளுக்கு

முதல் சூட் தைக்க வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் ஃபோனில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். "அண்ணே, இதே மாதிரி ஜென்டில்மேன் லுக் வரணும்." படத்தைப் பார்க்கிறேன், துணியைத் தொட்டுப் பார்க்கிறேன், சரி என்கிறேன். 31 வருடமாக இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆண்களை அளந்து வருகிறவன் நான். அளவு எடுக்கிற ஐந்து நிமிடத்தில் ஆளைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும். கையைத் தூக்கச் சொன்னால் ஃபோனைக் காதில் வைத்தபடியே மறு கையைத் தூக்குகிறவர் உண்டு. அளவை எழுதிக்கொள்கிற பையன் ஒரு எண்ணைத் தவறவிட்டால், "மெதுவா எழுதுப்பா, அவசரமில்லை" என்கிறவரும் உண்டு.

லுக்கை நான் தைத்துத் தந்துவிடுவேன். மீதி அவரவர் பாடு. அந்த மீதி என்னவென்று கேட்டால் என் பதில் இதுதான்: தன்னால் இன்னொருவருக்கு வீண் வேலையோ, வீண் காத்திருப்போ, வீண் சங்கடமோ வராமல் பார்த்துக்கொள்கிறவர் ஜென்டில்மேன். கதவைத் திறந்து பிடிப்பது, நாற்காலியை இழுத்துப் போடுவது எல்லாம் அதற்குப் பிறகு.

என் தொழில் உடை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உடுத்துவது

துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தோள் சரியில்லை என்றால் எடுபடாது. கை தொடங்குகிற தையல், தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். இறங்கினால் அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும், ஏறினால் கையை நீட்டும்போது முதுகு பிடிக்கும். ரெடிமேட் வாங்கும்போது முதலில் தோளைப் பாருங்கள். இடுப்பையும் நீளத்தையும் எந்த டெய்லரும் சுலபமாகத் திருத்தித் தருவார். கோட்டின் தோளைத் திருத்த வேண்டுமென்றால் கையைப் பிரித்து, லைனிங்கைப் பிரித்து, பாதிக் கோட்டைத் திரும்பத் தைக்க வேண்டும்.

காலர் பட்டனைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சட்டைக் கை மணிக்கட்டு எலும்பில் முடியட்டும், கோட்டுக் கை அதைவிட அரை இன்ச் குறைவாக இருக்கட்டும். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் போதும். இரண்டு பட்டன் கோட்டில் கீழ்ப் பட்டனைப் போடாதீர்கள். முன்பக்கத்தை வெட்டும்போதே அது திறந்திருக்கும் என்ற கணக்கில்தான் வெட்டுகிறோம், போட்டால் இடுப்பில் சுருக்கம் விழும். உட்காரும்போது மேல் பட்டனையும் கழற்றிவிடுங்கள். தோல் ஷூவைத் தினமும் ஒரே ஜோடியாகப் போடாமல் ஒரு நாள் விட்டுப் போட்டால் உள்ளே இருக்கிற வியர்வை ஈரம் காயும், ஷூவும் நெடுநாள் உழைக்கும்.

இதெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பட்டன் தைக்கத் தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. தளர்ந்த பட்டனோடு பத்து நாள் நடமாடிவிட்டு, அது அறுந்து விழுந்ததும் அம்மாவிடமோ மனைவியிடமோ நீட்டுகிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிட வேலை. கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு முழம் நூல் எடுத்து ஊசியில் கோத்து, இரட்டையாக்கி, நுனியில் முடிச்சுப் போடுங்கள். அதைவிட நீளம் எடுத்தால் சிக்கும். பழைய நூல் துணுக்குகளைப் பிடுங்கிவிட்டால், முந்தைய பட்டன் இருந்த ஓட்டைகள் தெரியும், அதுதான் இடம். துணிக்கு அடியிலிருந்து ஊசியை மேலே எடுத்து பட்டனின் ஒரு துளையில் நுழைத்துவிடுங்கள். இப்போது பட்டனுக்கு மேலே, துளைகளுக்கு நடுவில் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வையுங்கள். நூல் அந்தக் குச்சியைத் தாண்டி அடுத்த துளையில் இறங்கட்டும். ஒவ்வொரு ஜோடித் துளைக்கும் நான்கு தடவை. பிறகு ஊசியைத் துணிக்கும் பட்டனுக்கும் நடுவில் கொண்டுவந்து, குச்சியை உருவிவிட்டு, பட்டனை மேலே இழுத்துப் பிடியுங்கள். குச்சி விட்டுப்போன தளர்ச்சி இப்போது பட்டனுக்கு அடியில் வந்திருக்கும். அந்த நூலைச் சுற்றி ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்றினால் பட்டனுக்கு ஒரு சின்னக் கழுத்து கிடைக்கும். ஊசியை அடியில் இறக்கி முடிச்சுப் போட்டு நறுக்குங்கள். அந்தக் கழுத்து இருப்பதால்தான் காஜாவின் (பட்டன் நுழைகிற ஓட்டையின்) துணி பட்டனுக்கு அடியில் நெருக்கடி இல்லாமல் படிந்து உட்காரும். துணியோடு ஒட்டத் தைத்த பட்டன் எப்போதும் இழுத்துக்கொண்டு நிற்கும், சீக்கிரம் அறுந்தும் போகும்.

இஸ்திரியும் அப்படித்தான். சட்டை லேசாக ஈரமாக இருக்கட்டும். முதலில் காலர், உட்புறம்தான் முதலில், நுனியிலிருந்து நடுவுக்கு. அப்புறம் தோள் பட்டி, கஃப், கை, கடைசியில் உடம்பு. லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் நடுத்தரச் சூடு, மூன்று என்றால் அதிகச் சூடு. பாலியஸ்டர் சட்டையைப் பருத்திச் சூட்டில் தேய்த்துப் பளபளப்புத் தட்ட வைத்தவர்கள் அநேகம் பேர். அந்தப் பளபளப்பு போகவே போகாது.

கண்ணோட்டம்

எனக்கு அப்போது 22 வயது. ஒரு மாஸ்டரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். கோபக்காரர், தப்புச் செய்தால் வாடிக்கையாளர் முன்னாலேயே திட்டுவார். நான் கை வெட்டிய ஒரு கோட்டை ட்ரையல் பார்க்க ஒருவர் வந்தார். மறுநாள் காலை அவருக்கு நேர்காணல். கண்ணாடி முன் நின்று கையை மடக்கினார், நீட்டினார். இடது கை அரை இன்ச் ஏறி நின்றது. நான் பார்த்துவிட்டேன், அவரும் பார்த்துவிட்டார். மாஸ்டர் பக்கத்திலேயே நின்று, "எப்படி சார் இருக்கு?" என்றார். "தோள் ரொம்ப நல்லா உட்கார்ந்திருக்கு" என்றார் அவர். மாஸ்டர் உள்ளே போனதும் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இடது கை மடிப்புல துணி விட்டிருக்கீங்களா?" விட்டிருந்தேன். "அப்ப இறக்கிடலாம். நான் இருக்கேன்." அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. முடித்துக் கொடுத்தபோது என் கண்ணைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பொய் சொல்லவில்லை, தோள் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. கோட்டைச் சகித்துக்கொண்டு எடுத்துப் போகவும் இல்லை, தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணோட்டம் என்ற சொல்லை இன்று நாம் 'பார்வை', 'கோணம்' என்ற பொருளில் எழுதுகிறோம். பழைய தமிழில் அதற்குக் கண்ணில் பட்டவர் மேல் ஓடுகிற இரக்கம் என்று பொருள். அந்தச் சொல்லை எங்கே படித்தாலும் எனக்கு அந்த ஸ்டூல்தான் நினைவுக்கு வரும்.

இதைப் பழகிக்கொள்ள முடியும். குறை சொல்ல வேண்டியிருந்தால் தனியாகச் சொல்லுங்கள், பாராட்டை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். குறை சொல்லும்போது திருத்த வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பேச்சு, நேரம், காசு

தாமதமாகும் என்றால் உண்மையான நிமிடத்தைச் சொல்லுங்கள். வீட்டை விட்டே கிளம்பாமல் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பது எதிராளியின் நேரத்தைத் திருடுவது. "இன்னும் 40 நிமிஷம் ஆகும்" என்றால் அவர் அந்த 40 நிமிடத்தில் வேறு ஒரு காரியத்தைப் பார்ப்பார்.

மன்னிப்புக் கேட்கும்போது 'ஆனா' வேண்டாம். "மன்னிச்சிடுங்க, ஆனா நீங்களும்..." என்று தொடங்கினால் அது சண்டையின் அடுத்த சுற்று. என்ன செய்தேன், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று, எப்படிச் சரிசெய்கிறேன் என்ற மூன்றையும் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

கடன் வாங்கினால் கொடுத்தவர் கேட்பதற்கு முன் திருப்பிக் கொடுங்கள். கேட்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுவதே அவமானப்படுத்துவதுதான். சொன்ன தேதியில் முடியவில்லை என்றால் தேதி வருவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

வேலையிடத்தில் ஒரு பெண் சொன்ன யோசனை கண்டுகொள்ளப்படாமல் போய், பத்து நிமிடம் கழித்து ஓர் ஆண் அதையே சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவது நடக்கிறது. அப்போது "அவங்க இதை முதல்லயே சொன்னாங்க" என்று சொல்ல ஐந்து விநாடி போதும். யாராவது 'வேண்டாம்' என்றால் அதோடு விடுங்கள். காரணம் கேட்டு நச்சரித்தால், உங்களைச் சமாதானப்படுத்துகிற வேலையும் அவர் தலையில் விழுகிறது.

வீடு

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி ஆறேழு வருடம், "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பேன். அதை நல்ல குணம் என்றே நம்பியிருந்தேன். ஒரு நாள் என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "என்ன செய்யணும்னு யோசிச்சு உங்ககிட்ட சொல்றதே ஒரு வேலைங்க. அதையும் நான்தானே பண்றேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. கடையில் எந்தத் துணி எப்போது தீரும், எந்த நூல் குறைகிறது என்று எல்லாக் கணக்கும் என் மண்டையில் இருக்கும். வீட்டுக் கணக்கு ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அந்த வாரமே துவைக்கிற வேலையை முழுதாக எடுத்துக்கொண்டேன். முழுதாக என்பதுதான் முக்கியம். மெஷினில் போடுவதோடு அது முடிவதில்லை. சோப்புத்தூள் தீருவதற்கு முன் வாங்கி வைப்பது, சாயம் போகிறதைத் தனியாகப் பிரிப்பது, பிள்ளைகளுக்கு எந்த நாள் எந்த சீருடை என்று நினைவில் வைப்பது, மழை வந்தால் எங்கே காயப்போடுவது என்று முன்கூட்டியே யோசிப்பது, மடித்து அந்தந்த அலமாரியில் வைப்பது எல்லாம் அதில் சேரும். முதல் மாதம் இரண்டு தடவை சீருடை நாளை மறந்தேன். அவள் நினைவூட்டவில்லை, நானும் கேட்கவில்லை. காலண்டரில் எழுதி வைத்தேன். அப்புறம் மறக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு வேலையை இப்படி அடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவோடு இருந்தாலும், நண்பர்களோடு அறையெடுத்துத் தங்கினாலும் செய்யலாம். உதவி என்று அதைச் சொல்லாதீர்கள். துவைக்கிற வேலையாக இருந்தால், மடித்து வைக்கும்போது எந்தப் பட்டன் ஆடுகிறது என்று விரலால் தட்டிப் பாருங்கள். ஆடுகிற சட்டையைத் தனியாக எடுத்து வைத்து, அன்றைக்கு இரவே ஊசியைக் கையில் எடுங்கள்.