ஆப்சோர்ஸுக்கு அனுப்பும் முன் கோட் அனலைசரில் செய்யக்கூடாத தவறுகள்

மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலைக்காக, மைக்ரோசாஃப்டின் வணிக நிர்வாக மென்பொருளான பிசினஸ் சென்ட்ரலில் எழுதிய செயலி நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெல் வரத்து, ஈரப்பதம், மூட்டைக் கணக்கு, அரவைக் கூலி, தவிடு, குருணை என்று எல்லாம் அதில் இருக்கிறது. இதையே மைக்ரோசாஃப்டின் ஆப்சோர்ஸ் சந்தையில் போட்டு மற்ற ஆலைகளுக்கும் விற்கலாமே என்று தோன்றும். விற்கலாம்தான். ஆனால் ஒரு ஆலைக்கு மட்டும் எழுதும்போது யாரும் கேட்காத கேள்விகளை சந்தை கேட்கும். அந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிடத்தான் கோட் அனலைசர்கள், அதாவது எழுதிய கோடை விதிகளோடு ஒப்பிட்டுப் பிழை காட்டும் கருவிகள், இருக்கின்றன.

முதல் தவறு, அனலைசரைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. பிசினஸ் சென்ட்ரல் செயலிகளை எழுதும் ஏ.எல். மொழிக்கு நான்கு அனலைசர்கள் கூடவே வருகின்றன. கோட்காப் எழுதும் முறையைப் பார்க்கும், யூஐகாப் திரைகளைப் பார்க்கும். பெர்டெனன்ட் எக்ஸ்டென்ஷன்காப் ஒரே வாடிக்கையாளருக்கான செயலிக்கு, ஆப்சோர்ஸ்காப் சந்தைக்கு. கடைசி இரண்டையும் சேர்த்து ஓட்டக்கூடாது. இரண்டின் விதிகளும் வேறு என்பதால் ஒன்று சரி என்பதை மற்றது தவறு என்னும். ஆலைக்கு எழுதியபோது டேபிள்களுக்கு 50000 முதல் 99999 வரையிலான எண்களைக் கொடுத்திருப்பீர்கள். சந்தையில் அவை செல்லாது, மைக்ரோசாஃப்டிடம் கேட்டு உங்களுக்கென்று ஒரு வரிசையை வாங்க வேண்டும். எண்ணை மாற்றினால் அது புது டேபிள், பழைய தரவு தானாக வந்து சேராது. சந்தைக்குப் போகும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும், முதல் டேபிள் எழுதும் முன்பே ஆப்சோர்ஸ்காப்பை ஓட விடுவது நல்லது.

டேபிள், ஃபீல்டு போன்றவற்றின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்க்க வேண்டிய ஒட்டும் அப்படித்தான். குறைந்தது மூன்று எழுத்து, மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்தது. பிசினஸ் சென்ட்ரலில் ஏற்கெனவே இருக்கும் ஐட்டம் டேபிளில் 'மாய்ஸ்ச்சர்' (ஈரப்பதம்) என்று வெறுமனே ஒரு ஃபீல்டைச் சேர்த்தால், அதே பெயரில் இன்னொரு செயலியும் ஒரு ஃபீல்டோடு வரும் நாளில் இரண்டும் மோதும். ஒட்டின் எழுத்துகளை ஆப்சோர்ஸ்காப்பின் அமைப்புகள் இருக்கும் ஜேசன் கோப்பில் எழுதிவைத்தால்தான், ஒட்டு விடுபட்ட இடங்களை அனலைசர் சரியாகப் பிடிக்கும்.

எனக்குத் தெரிந்து அதிகம் அடிபடும் இடம் இரண்டாவது வெளியீடு. முதல் பதிப்பில் மூட்டை எடையை முழு எண்ணாக வைத்தீர்கள்: 40 கிலோ. அப்புறம்தான் தெரிகிறது, கொள்முதல் நிலையக் கணக்கில் சாக்கையும் சேர்த்தால் 40 கிலோ 580 கிராம் என்று. சரி, ஃபீல்டின் வகையை இன்டிஜரிலிருந்து (முழு எண்) டெசிமலாக (தசம எண்) மாற்றிவிடலாம் என்று மாற்றுகிறீர்கள். எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. அனுப்பினால் திரும்பி வருகிறது: ஆப்சோர்ஸ்காப்பின் விதி ஏஎஸ்0004, ஃபீல்டின் வகையை மாற்றக்கூடாது.

உங்கள் கணினியில் ஏன் பிடிபடவில்லை? ஒப்பிட முந்தைய பதிப்பே இல்லை. அதே ஜேசன் கோப்பில் முந்தைய பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, அந்தப் பதிப்பின் ஆப் கோப்பையும் (கம்பைல் செய்த செயலி) அனலைசர் தேடினால் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். எண்ணைக் குறிப்பிட்டுவிட்டுக் கோப்பை மறந்தால் ஏஎஸ்0003 வந்து நினைவூட்டும். எண்ணையே குறிப்பிடாவிட்டால் எதுவுமே வராது. பிழை இல்லை என்று நாம் நினைப்போம், உண்மையில் ஒப்பீடே நடந்திருக்காது. வெளியான ஒவ்வொரு பதிப்பின் ஆப் கோப்பையும் ரிப்பாசிட்டரியிலோ வேறு பத்திரமான இடத்திலோ வைத்திருங்கள்.

எடைக்கு என்ன வழி என்றால், புது எண்ணில் ஒரு டெசிமல் ஃபீல்டைச் சேர்த்து, பழையதை வழக்கொழிந்தது என்று காரணத்தோடு குறித்து, பதிப்பு மாறும்போது ஓடும் அப்கிரேட் கோட்யூனிட்டில் தரவை நகர்த்த வேண்டும். ஃபீல்டை நீக்குவது, பெயரை மாற்றுவது, டெக்ஸ்ட் நீளத்தைக் குறைப்பது எல்லாவற்றிலும் இதே கதைதான். மற்ற செயலிகளும் அழைக்கக்கூடியபடி வெளியே தெரியும் புரொசீஜர்களும் அப்படியே. அதனால் வெளியே தேவைப்படாதவற்றை முதல் பதிப்பிலேயே லோக்கல் அல்லது இன்டர்னல் ஆக்கிவிடுங்கள்.

எச்சரிக்கைப் பட்டியல் நீண்டதும், எந்த விதி ஓட வேண்டும் என்று சொல்லும் ரூல்செட் கோப்பைத் திறந்து விதிகளை ஒவ்வொன்றாக அணைப்பவர்களும் உண்டு. கோட்காப்பின் இடைவெளி விதியை அணைத்தால் குடி முழுகாது. ஆப்சோர்ஸ்காப் பிழை என்று சொல்வதை அணைப்பது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நெல்லைக் காயவைக்காமல், வீட்டிலிருக்கும் மீட்டரைத் திருத்திவிட்டுக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவதைப் போன்றது. மைக்ரோசாஃப்டின் சோதனையில் உங்கள் ரூல்செட் செல்லாது.

இன்னொன்று, அனலைசர் வாயை அடைப்பதற்காகவே எதையாவது நிரப்புவது. தரவைச் சேமிக்கும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும், அது எந்த வகைத் தரவு என்று சொல்லும் டேட்டா கிளாசிஃபிகேஷன் இருக்க வேண்டும், 'இனி வகைப்படுத்த வேண்டும்' என்ற மதிப்பு ஏற்கப்படாது. அவ்வளவுதான் அனலைசருக்குத் தெரியும். விவசாயியின் வங்கிக் கணக்கு எண்ணை 'சிஸ்டம் மெட்டாடேட்டா' என்று போட்டாலும் அது ஒன்றும் சொல்லாது. அது வாடிக்கையாளர் தரவு என்று நமக்குத்தான் தெரிய வேண்டும்.

ஆலைக்காரர் கேட்டார் என்று 'நெல் ஈரப்பதம் அதிகம்' என்ற செய்தியை நேரடியாகக் கோடிலேயே தமிழில் எழுதுவதும் பின்னால் வினையாகும். கோடில் ஆங்கில லேபிள், தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பில். அதுதான் ஒழுங்கு.

எடிட்டர் மெதுவாகிறது என்று அனலைசரை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். பின்னணி ஆய்வைத் திறந்திருக்கும் கோப்புக்கு மட்டும் வைத்து, முழு ஆய்வை, செயலியை மொத்தமாகக் கம்பைல் செய்யும் பில்டில் ஓட்டலாம். கோடை கிட்ஹப்பில் வைத்திருந்தால், பில்டைத் தானாக ஓட்டும் மைக்ரோசாஃப்டின் ஏஎல்-கோ இதைப் பார்த்துக்கொள்ளும்.

அனலைசர் சுத்தம் என்றால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. கூலியைத் தப்பாகப் பெருக்கினாலும் எல்லாம் பச்சையாகவே தெரியும், டெஸ்ட் எழுதத்தான் வேண்டும். நாடுகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஆசைப்படாதீர்கள். நீங்கள் குறிக்கும் ஒவ்வொரு நாட்டின் பதிப்பிலும் செயலி கம்பைல் ஆக வேண்டும், முந்தைய பதிப்போடு ஒப்பீடும் நடக்கும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிசினஸ் சென்ட்ரலுக்குப் பெரிய அப்டேட் வரும்போதும் அத்தனையும் உங்கள் தலையில்தான். டெல்டா ஆலைகளுக்கு இந்தியா போதும், வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைத்தால் அடுத்த பதிப்பில் அந்த நாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.