மலேரியா கிருமி ரத்த செல்லுக்குள்ள பூர்றதையும் ஆன்டிபாடி அதை மறிக்கிறதையும் ஒரே சார்ட்ல வரையிறது எப்படி

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் டிஎம்எல்டி (லேப் டெக்னீசியன் டிப்ளமோ), நர்சிங், மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளைங்களுக்காக எழுதுறேன். மலேரியான்னா கொசு, கல்லீரல், ரத்தம்னு ஒரு வட்டத்தைப் போட்டு அம்புக்குறி இழுத்துட்டு முடிச்சுர்றோம், ஆனா கிருமி சிவப்பணுக்குள்ள நுழையிற அந்த ஒரு நிமிஷம் இருக்கு பாருங்க, அதுலதான் எல்லாமே இருக்கு, அதைத் தனியா வரைஞ்சு பாத்தாத்தான் மண்டையில ஏறும்.

சார்ட் பேப்பர்ல மைக்ரானுக்கு ஒரு சென்டிமீட்டர்னு ஸ்கேல் வச்சுக்கங்க. சிவப்பணு ஏழரை சென்டிமீட்டர் வட்டம், ஒரு கிண்ணத்தைக் கவுத்தி வச்சே வரைஞ்சுரலாம். மெரோசோயிட் (சிவப்பணுக்குள்ள நுழையிற கட்டத்துல இருக்க மலேரியா கிருமி) ஒன்றுல இருந்து ஒன்றரை சென்டிமீட்டர், ஒரு முனை மட்டும் கூரா இருக்கணும். இதே ஸ்கேல்ல ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கிற புரதம்) ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான் வரும், கண்ணுக்கே தெரியாது, அதனால அதை மட்டும் பெருசா ஒய் வடிவத்துல போட்டு பக்கத்துல "ஸ்கேலுக்கு இல்லை"ன்னு எழுதிருங்க.

அடுத்து அதே கிருமியை இங்கிட்டு இருந்து அங்கிட்டு நாலு தடவை வரையணும், அடியில ஒரு நேரக்கோடு. ஃபால்சிபாரம்ங்கிற மலேரியா கிருமி வகையில ஏறக்குறைய 48 மணி நேரத்துக்கு ஒருக்கா பழைய செல் வெடிச்சு 16ல இருந்து 32 மெரோசோயிட் வரைக்கும் வெளிய வரும், அதுல ஒண்ணு புது செல்லைத் தொடுது, இது முதல் படம். ரெண்டாவதுல கூர்முனையை செல் பக்கம் திருப்புது. அந்த முனைக்குள்ள ராப்ட்ரி, மைக்ரோனீம்னு பைங்க இருக்கும், அதுல இருந்து வர்ற இபிஏ-175ங்கிற கிருமிப் புரதம் போயி செல் மேல இருக்க கிளைக்கோஃபோரின் ஏ-யைப் பிடிக்கும், ஆர்ஹெச்5ங்கிற இன்னொரு கிருமிப் புரதம் போயி செல் மேல இருக்க பேசிஜினைப் பிடிக்கும் (இந்த ஜோடியை 2011லதான் கண்டுபிடிச்சாங்க). மூணாவதுதான் எனக்கு எப்பவும் ஆச்சரியம், கிருமி தன்னோட ஆர்ஓஎன்2 புரதத்தை செல்லோட சவ்வுலயே சொருகிட்டு, தன் உடம்புல இருக்க ஏஎம்ஏ1 மூலமா அதையே பிடிச்சுக்குது, அடுத்தவன் சுவத்துல தானே கொக்கி அடிச்சு அதைப் பிடிச்சு ஏறுற மாதிரி. இதை வளையமா வரைங்க, அது வழியா கிருமி தன்னோட மோட்டார் பலத்துல உள்ள தள்ளிக்கிட்டுப் போகும். நாலாவதுல உள்ள போயிருச்சு, சுத்தி ஒரு பை, செல் கொஞ்ச நேரம் முள்ளு முள்ளா சுருங்கிட்டு பழையபடி ஆயிரும். தொட்டதுல இருந்து உள்ள போறவரைக்கும் பெரும்பாலும் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இப்ப சிவப்பு பேனாவை எடுங்க. ஆன்டிபாடி முதல் மூணு படத்துல மட்டும்தான் வரணும், நாலாவதுல போட்டா மொத்தமும் தப்பு, ஏன்னா செல்லுக்குள்ள ஆன்டிபாடி போகாது, அடுத்து செல் வெடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். ஆர்ஹெச்5 மேல ஒரு ஒய், ஏஎம்ஏ1 மேல ஒரு ஒய், "கொல்லுது"ன்னு எழுதாம "பிடிமானத்தை மறிக்குது"ன்னு எழுதுங்க. கிருமிகளை ஒண்ணோட ஒண்ணா ஒட்ட வைக்கிறது, வெள்ளணுவுக்கு அடையாளம் காட்டுறது, இதெல்லாம் ஓரமா எழுதினாப் போதும். ஆர்ஹெச்5 கடைசி நேரத்துலதான் பையில இருந்து வெளிய வருதுங்கிறதால ரத்தத்துல ஆன்டிபாடி முன்னாடியே ஏராளமா இருந்தாத்தான் வேலை நடக்கும். ஏஎம்ஏ1 கிருமிக்குக் கிருமி ரொம்ப மாறும், ஆர்ஹெச்5 அவ்வளவா மாறாது, தடுப்பூசி ஆராய்ச்சியில அதுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கதுக்கு இதுவும் காரணம். 1961ல காம்பியாவுல பெரியவங்க ரத்தத்துல இருந்து எடுத்த ஆன்டிபாடியை மலேரியா வந்த பிள்ளைங்களுக்குப் போட்டப்ப கிருமி குறைஞ்சுச்சு, இதையும் ஒரு வரி சேருங்க.

ஆர்டிஎஸ்,எஸ், ஆர்21 தடுப்பூசிகளை இந்த சார்ட்ல போடாதீங்க, அது கொசு கடிச்சதும் கல்லீரலுக்குப் போற ஸ்போரோசோயிட்டுங்கிற கிருமி வடிவத்தைத் தடுக்கிறதுக்கு.

ஒரு மூலையில வைவாக்ஸ்ங்கிற இன்னொரு மலேரியா கிருமி வகைக்குக் கட்டம் போட மறந்துராதீங்க, தமிழ்நாட்டுல ஸ்மியர்ல (கண்ணாடியில ரத்தத்தைத் தடவிப் பாக்கிற சோதனை) சிக்குற மலேரியாவுல பெரும்பகுதி அதுதான். அது ரெட்டிகுலோசைட்னு சொல்ற இளஞ்செல்லாத்தான் தேடிப் போகும், அதோட டிபிபி புரதம் செல் மேல இருக்க டஃபிங்கிற புரதத்தைப் பிடிக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சிவப்பு ஒய்.